ஒரே காற்றுக்கு இரண்டு எண்கள்: வகுப்பறைக்கு ஏற்ற இணையதளத்தைத் தேர்வது எப்படி?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய பள்ளிகளில் காற்று மாசு பாடத்துக்குத் தனி முன்னுரை வேண்டியதில்லை. புகைபோக்கி சன்னல் வழியாகவே தெரியும். பிள்ளைகளில் பலர் வீட்டில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர் ஒருவராவது இருப்பார். பாடத்தோடு இன்றைய காற்றின் நிலையையும் காட்டிவிடலாமே என்று ஓர் அறிவியல் ஆசிரியர் கணினியில் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வகைப் பக்கங்கள் வந்து நிற்கும். ஒன்று, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளம். கும்மிடிப்பூண்டி அந்தோணிப் பிள்ளை நகரில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு உள்ள தானியங்கி அளவீட்டு நிலையத்தின் கணக்கு அதில் வரும். மற்றது, தனியார் வானிலைத் தளங்களும் செயலிகளும். ஊர் ஒன்று, நாளும் ஒன்று. ஆனால் முதல் பக்கம் 100 என்று சொல்லும் காற்றை இரண்டாம் பக்கம் 150-க்கு மேல் என்று சொல்லக்கூடும்.

இதில் எது பொய்? இரண்டுமே பொய்யில்லை.

இரண்டரை மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகள் ஒரு கன மீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரியாக 60 மைக்ரோகிராம் இருந்தால், 2015-இல் நடைமுறைக்கு வந்த இந்தியக் காற்றுத் தரக் குறியீட்டில் அதன் மதிப்பு 100. அந்தக் குறியீட்டில் 51 முதல் 100 வரை ‘திருப்திகரம்’. அதே 60 மைக்ரோகிராமை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அளவுகோலில் வைத்தால் 150-ஐத் தாண்டி ‘உடல்நலத்துக்குக் கேடு’ என்ற வரிசையில் போய் விழும். பல தனியார் தளங்கள் எல்லா ஊருக்கும் அமெரிக்க அளவுகோலையே போடுகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த வழிகாட்டு அளவு இன்னும் கடுமையானது: 24 மணி நேரத்துக்கு 15 மைக்ரோகிராம். இதோடும் முடியவில்லை. சில தளங்கள் 24 மணி நேரச் சராசரியை விட்டுவிட்டு அந்த மணி நேரத்து அளவை மட்டும் காட்டும். நிலையமே இல்லாத ஊருக்கும் செயற்கைக்கோள் தரவைக் கொண்டு கணித்து ஓர் எண்ணைக் கொடுத்துவிடும் தளங்களும் உண்டு.

இரண்டு எண்ணையும் கரும்பலகையில் எழுதிப் போட்டு, ‘ஏன் வேறுபடுகிறது?’ என்று கேட்கிற ஆசிரியருக்கு ஒரு முழுப் பாடவேளைக்கும் விஷயம் கிடைத்துவிடும். ஒரு பக்கத்தை மட்டும் திறந்து, வந்த எண்ணைப் படித்துக்காட்டி மூடிவிடுகிறவரின் வகுப்பில் பிள்ளைகள் ஓர் எண்ணை மட்டுமே எடுத்துக்கொண்டு போவார்கள். வகுப்பறைக்கு நல்ல தளம் எது என்ற கேள்வியை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். தன் எண்ணும் தகவலும் எங்கிருந்து வந்தன, யார் அளந்தார்கள், எந்த அளவுகோலில் அளந்தார்கள் என்று திறந்து சொல்லும் தளமே பாடத்துக்கு உதவும். மறைக்கும் தளம் எவ்வளவு அழகாக இருந்தாலும் உதவாது.

கணினியும் இணையமும் திருவள்ளூர் மாவட்டத்துக்குப் புதியவை அல்ல. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது திருவள்ளூரை அடுத்த காக்களூரில்தான். கொரோனாக் காலத்தில் விட்டுப்போன எழுத்தையும் எண்ணையும் சின்னப் பிள்ளைகளுக்கு மீட்டுத் தர வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022 ஜூன் 13 அன்று தொடங்கியதும் இதே மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில்தான். மாநில அளவில் 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைந்தன. பிறகு தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 திறன்மிகு வகுப்பறைகள் என்றும், ஆசிரியர்களுக்கு 79,723 கைக்கணினிகள் என்றும் அறிவிப்புகள் வந்தன. கருவி இல்லை என்ற பழைய குறை பெருமளவு தீர்ந்துகொண்டிருக்கிறது. அந்தக் கருவியில் எந்தப் பக்கத்தைத் திறப்பது என்பதற்குத்தான் பயிற்சி குறைவு. பணியிடைப் பயிற்சிகளில் செயலியை நிறுவவும் வருகையைப் பதிவேற்றவும் சொல்லித்தர ஒதுக்கும் நேரத்தில் கால்பங்கையாவது, ஒரு பக்கத்தை எப்படி நம்புவது என்பதற்கு ஒதுக்கலாம்.

உலகில் இதற்கு முயற்சிகள் நடக்காமல் இல்லை. கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிகோ வளாக நூலகத்தில் 2004-இல் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் உருவானது. தகவல் புதியதா, பாடத்துக்குப் பொருந்துகிறதா, எழுதியவர் யார், துல்லியம் எப்படி, நோக்கம் என்ன என்று ஐந்து கேள்விகள். உலகெங்கும் நூலகர்கள் இதைத்தான் நீண்ட காலம் சொல்லிக்கொடுத்தார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதிலை அந்தத் தளத்திடமே கேட்கும்போது சிக்கல் வருகிறது. பொய் சொல்லத் துணிந்தவர் ‘எங்களைப் பற்றி’ பக்கத்தையும் நன்றாகவே எழுதுவார்.

1998-இல் அமெரிக்காவில் ஒருவர் விளையாட்டாக ஒரு தளம் தொடங்கினார். பசிபிக் வடமேற்குக் காடுகளில் மரத்தில் வாழும் ஆக்டோபஸ் ஒன்று அழிந்துவருகிறது, காப்பாற்றுங்கள் என்றது அந்தத் தளம். படம், அறிவியல் பெயர், வாழிடம், கையெழுத்து இயக்கம் எல்லாம் அதில் இருந்தன. கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் லூ குழுவினர் அதை ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் காட்டினார்கள். இணையத்தில் நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட பிள்ளைகள் அவர்கள். ஏறக்குறைய எல்லோரும் நம்பிவிட்டார்கள்.

பெரியவர்களும் இதில் விதிவிலக்கல்ல. ஸ்டான்போர்டில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில் 10 வரலாற்றறிஞர்கள், 10 தொழில்முறைச் செய்திச் சரிபார்ப்பாளர்கள், 25 பல்கலைக்கழக மாணவர்கள் கலந்துகொண்டார்கள். குழந்தை மருத்துவர்கள் பெயரில் இயங்கும் இரண்டு அமைப்புகளின் தளங்களைக் காட்டி, எது நம்பத்தக்கது என்று கேட்டார்கள். ஒன்று 1930-இல் தொடங்கிய, பல்லாயிரம் உறுப்பினர் கொண்ட பழைய சங்கம். மற்றது 2002-இல் அதிலிருந்து பிரிந்த சிறு குழு. பெயரும் தோற்றமும் ஏறக்குறைய ஒன்று. வரலாற்றறிஞர்களும் மாணவர்களும் அந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்து மேலிருந்து கீழ்வரை படித்தார்கள், பலர் குழம்பினார்கள். சரிபார்ப்பாளர்கள் சில விநாடிகளிலேயே பக்கத்தைவிட்டு வெளியேறி, புதிய தாவல்களில் அந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடினார்கள். பதிலை எளிதாகக் கண்டுபிடித்தார்கள். இதைப் பக்கவாட்டு வாசிப்பு என்கிறார்கள். நம் ஊரில் இது புதிதில்லை. பெண் பார்க்கப் போனால் பெண் வீட்டாரைவிட அக்கம்பக்கத்தாரிடம்தானே விசாரிப்போம்?

அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டும் என்றால், ஓர் ஆசிரியருக்கு மிக அருகில் இருப்பது அவருடைய சொந்த ஊர். எந்தத் தளத்தையும் வகுப்புக்குள் விடுவதற்கு முன், தனக்கு நேரில் தெரிந்த ஒன்றைப் பற்றி அது என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. திருவள்ளூர் மாவட்டத்து ஆசிரியருக்கு இதற்குப் பஞ்சமே இல்லை.

முதலில் வரைபடம். 1997-இல் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைப் பிரித்தபோது திருவள்ளூர் மாவட்டம் உருவானது. 2018-இல் சென்னை மாவட்டத்தின் எல்லை விரிந்தபோது மணலி, திருவொற்றியூர், அம்பத்தூர் முதலியவை சென்னைக்குப் போய்விட்டன. 2019-லும் 2020-லும் புதிய மாவட்டங்கள் பிறந்து, தமிழ்நாட்டின் கணக்கு 32-இலிருந்து 38 ஆனது. மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது என்றோ, மாநிலத்தில் 32 மாவட்டங்கள் என்றோ எழுதிவைத்திருக்கும் பொது அறிவுத் தளம் எப்போது கடைசியாகத் திருத்தப்பட்டது என்று கேட்கவே வேண்டாம். இந்த ஒரு சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும்.

அடுத்தது அத்திரம்பாக்கம். இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்தில், கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் இருக்கும் இந்தச் சிற்றூர் ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தின் முதல் பாடத்திலேயே வருகிறது. ராபர்ட் புரூஸ் ஃபுட் 1863 மே மாதம் பல்லாவரத்தில் முதல் கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் சேர்ந்து அத்திரம்பாக்கத்தைக் கண்டறிந்தார். பிற்காலத்தில் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் சர்மா பாரம்பரியக் கல்வி மையத்தின் சார்பில் அங்கே பல ஆண்டுகள் அகழாய்வு செய்தார்கள். அவர்கள் குழு 2011-இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை, அங்குள்ள அச்சூலியன் கைக்கோடரிகளின் காலத்தைச் சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் கொண்டுபோனது. 2018-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த கட்டுரையோ, இடைப் பழங்கற்காலக் கருவிகள் அங்கே சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டதாகக் காட்டியது.

இந்த ஊரின் பெயரை இணையத்தில் தேடிப் பார்த்தால் இந்த இரண்டு எண்களும் கலந்துகட்டி வரும். 15 லட்சத்தை ஒரு பக்கம் எடுத்துக்கொள்ளும், 3,85,000-ஐ இன்னொரு பக்கம் எடுத்துக்கொள்ளும், இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதுபோலத் தோன்றும். உண்மையில் ஒரே குழிக்குள் வெவ்வேறு அடுக்குகளில் கிடைத்த வெவ்வேறு கருவித் தொகுதிகளின் காலம் அவை. இதைவிடப் பெரிய கோளாறு, ‘15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழர்கள் திருவள்ளூரில்’ என்ற மாதிரித் தலைப்பு. நம் இனமாகிய ஹோமோ சேப்பியன்ஸின் மிகப் பழைய எலும்புகளாக இன்று கருதப்படுபவை மொராக்கோவில் கிடைத்தவை. அவற்றின் வயதே ஏறத்தாழ மூன்று லட்சம் ஆண்டுதான். அத்திரம்பாக்கத்துக் கைக்கோடரியைச் செய்தவர்களின் எலும்பு அங்கே கிடைக்கவில்லை. அவர்கள் நமக்கு முந்தைய மனித இனத்தவர். மொழியையும் இனப் பெயரையும் அவர்கள் மேல் ஏற்றுவதற்கு எந்தச் சான்றும் இல்லை. ஊர்ப் பெருமை பொங்கும்போது இந்த வரியைப் பிள்ளைகளிடம் சொல்வது ஆசிரியருக்கு மனச்சங்கடம்தான். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் உண்மையான 15 லட்சமே போதுமான பெருமை. பூண்டியில் மாநிலத் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது. தளத்தில் பார்த்த கைக்கோடரியை அங்கே போய்க் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்துவிட்டு வரலாம்.

கணக்கு ஆசிரியருக்கும் இந்த மாவட்டம் வஞ்சகம் செய்யவில்லை. சென்னைக் குடிநீர் வாரியத்தின் தளத்தில் ஏரிகளின் நீர்மட்டம் தினமும் வெளியாகிறது: முழுக் கொள்ளளவு, இன்றைய இருப்பு, வரத்து, வெளியேற்றம், மழை, சென்ற ஆண்டு இதே நாளின் இருப்பு. பூண்டி 3,231 மில்லியன் கன அடி, சோழவரம் 1,081, புழல் 3,300, கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை 500, செம்பரம்பாக்கம் 3,645. கூட்டினால் 11,757. மொத்தத்தில் பூண்டியின் பங்கு எத்தனை சதவீதம் என்று ஏழாம் வகுப்பில் கேட்டால், பதில் 27.5-க்குப் பக்கத்தில் வரும். புத்தகத்தில் உள்ள கற்பனைத் தொட்டிக்கும், பள்ளி வேன் தினமும் தாண்டிப்போகும் ஏரிக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகளின் முகத்திலேயே பார்க்கலாம். இங்கேயும் ஒரு சோதனை இருக்கிறது. தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் பயன்பாட்டுக்கு வந்தது 2020-இல். சென்னைக்கு நான்கே ஏரிகள் என்று இன்னும் சொல்லும் பக்கம் அதற்கு முந்தையது என்று தெரிந்துகொள்ளலாம்.

தமிழில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு, நினைப்பதைவிட அதிகமாகவே இருக்கிறது என்பதே பதில். ‘மதுரைத் திட்டம்’ 1998 பொங்கல் அன்று தொடங்கியது. இலக்கிய நூல்களின் மூலபாடத்தைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து சரிபார்த்து ஏற்றிவைத்திருக்கிறார்கள். 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகப் பிறந்து இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக இருக்கும் அமைப்பின் தளத்தில் அகராதிகள், உரைகள், மின்னூலகம் எல்லாம் கிடைக்கின்றன. தமிழாசிரியர் ஒரு செய்யுளைச் சரிபார்க்க இந்த இரண்டையும் விட்டுவிட்டு, எழுத்துப்பிழையோடு யாரோ ஒட்டிய பக்கத்துக்குப் போகத் தேவையே இல்லை. பாடப்புத்தகத்தோடு ஒட்டிய காணொளிகளுக்கு 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியும், 2023-இல் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் கொண்டுவந்த மணற்கேணியும் உண்டு. மணற்கேணியின் பலம் அது பாடத்தின் வரிசையிலேயே போவது. பலவீனமும் அதுவே. பாடத்துக்கு வெளியே ஒரு கேள்வி எழுந்தால் பிள்ளையை அது வேறெங்கும் அனுப்பாது. நினைவுபடுத்திக்கொள்ளவும் விடுப்பில் இருந்தவர்களுக்கும் அது நல்லது. தேடிப் பார்க்கப் பழக்குவதற்கு வேறு தளம் வேண்டும்.

அங்கேதான் விக்கிப்பீடியா வருகிறது. ‘யார் வேண்டுமானாலும் எழுதலாம், அதனால் நம்பாதே’ என்று ஆசிரியர் அறைகளில் இன்றும் சொல்லப்படுகிறது. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இப்போது ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன. தரம் ஒன்றுக்கொன்று மலையும் மடுவுமாக வேறுபடும், உண்மைதான். ஆனால் ஒவ்வொரு கட்டுரைக்கும் மேலே ‘உரையாடல்’, ‘வரலாறு’ என்று இரண்டு இணைப்புகள் இருக்கின்றன. எந்த வரியை யார் எப்போது மாற்றினார்கள், அதைப் பற்றி என்ன வாதம் நடந்தது என்று எல்லாம் அங்கே தெரியும். அச்சுப் புத்தகம் எதுவும் தன் அடித்தல் திருத்தலை இப்படி வெளியே காட்டியதில்லை. ஒரு கட்டுரையில் மேற்கோள் இல்லாத மூன்று வரிகளைக் கண்டுபிடித்து வா என்று ஒன்பதாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கொடுத்துப் பார்க்கலாம். தன் ஊரைப் பற்றிய கட்டுரையாக இருந்தால், விடுபட்டதைத் தாங்களே எழுதவும் பிள்ளைகளுக்குத் தோன்றும்.

அறிவியலுக்கு ஒரு தளத்தைத்தான் சொல்ல வேண்டும் என்றால், கொலராடோ பல்கலைக்கழகத்தின் ‘ஃபெட்’ தளத்தைச் சொல்லலாம். இயற்பியலில் நோபல் பெற்ற கார்ல் வீமன் 2002-இல் தொடங்கியது. மின்சுற்றுப் பாவிப்பை (சிமுலேஷன்) திறந்தால் திரையின் ஓரத்தில் கம்பி, பேட்டரி, பல்பு, மின்தடை எல்லாம் இருக்கும். இழுத்துப் போட்டுச் சுற்றை முடித்ததும் பல்பு எரியும், கம்பிக்குள் நீலப் புள்ளிகளாக எலக்ட்ரான்கள் ஊர்ந்துபோகும். பேட்டரியின் இரண்டு முனைகளையும் வெறும் கம்பியால் இணைத்தால் தீப்பிடிக்கும். நிஜ ஆய்வகத்தில் செய்யவிடாத தவறை இங்கே பத்து முறை செய்து பார்க்கலாம். எந்தப் பாடத்துக்காக, யார் வடிவமைத்தார்கள் என்பது பக்கத்திலேயே எழுதியிருக்கும். விளம்பரம் இல்லை, கணக்குத் தொடங்கச் சொல்வதில்லை. பல பாவிப்புகள் தமிழிலும் கிடைக்கின்றன. கோப்பை இறக்கிவைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். கணிதத்துக்கு ஜியோஜீப்ராவும் இந்த வரிசையில் வரும். தமிழ்நாட்டுப் பாடநூல்களின் ‘இணையச் செயல்பாடு’ கட்டங்களில் இந்த இரண்டின் உரலிகளும் பல இடங்களில் தரப்பட்டிருக்கின்றன.

மொழி தனிச் சிக்கல். இலங்கை அரசின் கல்வித் தளத்திலும் அங்குள்ள பாடநூல்களிலும் தமிழில் மிக நல்ல அறிவியல் பாடங்கள் இருக்கின்றன. ஆனால் நாம் வேதியியல் என்பதை அங்கே இரசாயனவியல் என்பார்கள். நம் ஆக்ஸிஜன் அங்கே ஒட்சிசன், நம் கார்பன் டைஆக்சைடு அங்கே காபனீரொட்சைட்டு. பொதுத்தேர்வு எழுதப்போகும் பத்தாம் வகுப்பில் அதை அப்படியே திரையில் போட்டால் பிள்ளைகள் தடுமாறுவார்கள். ஆசிரியர் வீட்டில் படித்துவிட்டு வந்து விளக்கத்தில் பயன்படுத்த அதைவிட நல்ல துணை அரிது. இதற்கு நேர்மாறானவை இயந்திர மொழிபெயர்ப்பில் நிரப்பப்பட்ட தமிழ்ப் பக்கங்கள். தொழிற்சாலைக்கும் செடிக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதால், ‘ஆலை சூரிய ஒளியில் உணவு தயாரிக்கிறது’ என்ற மாதிரி வாக்கியங்கள் பிறக்கின்றன. கும்மிடிப்பூண்டிப் பிள்ளைகளுக்கு ஆலை என்றால் உருக்காலைதான் நினைவுக்கு வரும். தளத்தின் ஏதாவது ஒரு பத்தியை ஆசிரியர் உரக்கப் படித்துப் பார்த்தாலே மனிதர் எழுதியதா, இயந்திரம் கக்கியதா என்று காது சொல்லிவிடும்.

இந்த வட்டாரத்தில் வகுப்பறை என்றால் தமிழ் மட்டும் அல்ல. ஆந்திர எல்லையோரமாகக் கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை, பள்ளிப்பட்டு வரை தெலுங்கு பேசும் குடும்பங்கள் நிறைய. சிப்காட்டில் வேலைக்கு வந்த பிகார், ஒடிசாக் குடும்பங்களின் பிள்ளைகளும், செங்கல் சூளைகளுக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் தொடக்கப் பள்ளிகளில் வந்து உட்காருகிறார்கள். இரண்டாம் வகுப்பில் ஒரு பிள்ளைக்குத் தமிழ் எழுத்தே புதிது என்றால், அந்த ஆசிரியருக்கு எந்தத் தளம் உதவும்? பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் அப்படிப்பட்ட ஒன்று. ஒரே கதை, ஒரே படங்கள், தமிழிலும் தெலுங்கிலும் இந்தியிலும் ஒடியாவிலும் கிடைக்கும். வாசிப்பு நிலைகளும் பிரித்துத் தந்திருக்கிறார்கள். திறந்த உரிமத்தில் இருப்பதால் அச்சிட்டுக் கொடுக்கவும், சொல்லை மாற்றி எளிமையாக்கவும், புதிய மொழியில் பெயர்க்கவும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். தரமான தளம் என்பதற்கு இந்த உரிமமும் ஓர் அளவுகோலாக இருக்க வேண்டும். வகுப்பில் பயன்படுத்துவதற்கு 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு ஆசிரியருக்கு இடம் கொடுக்கிறது. ஆனால் கைமாறிக் கைமாறி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும்போது அந்தப் பாதுகாப்பு எவ்வளவு தூரம் வரும் என்று சொல்ல முடியாது. திறந்த உரிமம் இருந்தால் அந்தக் கவலையே இல்லை.

வினாத்தாள், விடைக்குறிப்பு, அரசாணை தரும் தளங்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆசிரியர்கள் தினமும் அதிகம் திறப்பது இவற்றைத்தான். பல, ஆசிரியர்களே உழைத்து நடத்துபவை, அவசரத்துக்கு உதவியவை. ஆனால் அவற்றை மாணவர் முன் திரையில் திறப்பது வேறு. ஒரே பக்கத்தில் ‘பதிவிறக்கு’ என்று மூன்று பொத்தான்கள் பச்சையில் மின்னும். அவற்றில் இரண்டு விளம்பரம், அழுத்தினால் ரம்மி விளையாட்டோ கடன் செயலியோ வந்து நிற்கும். கோப்பை வீட்டிலேயே இறக்கி, திறந்து பார்த்து, பென்டிரைவில் கொண்டுவருவதே நல்லது. அரசாணை என்றால் கவ் டாட் இன் என்று முடியும் மூலத் தளத்தில் எண்ணையும் தேதியையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும்.

தளம் நல்லதாக இருந்தும் வகுப்பில் கைகொடுக்காமல் போவதற்கு எளிய காரணங்களும் உண்டு. 2020 டிசம்பர் 31-உடன் அடோப் நிறுவனம் ஃபிளாஷை நிறுத்தியதும் பழைய அசைவூட்டப் பாடங்கள் ஏராளமாக வெறும் சாம்பல் கட்டங்களாகிவிட்டன. 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டில் காணாமல் போயின என்று பியூ ஆய்வு மையம் 2024-இல் கணக்கிட்டது. புத்தகத்தில் அச்சான உரலியும் கியூஆர் கோடும் இந்த விதிக்குத் தப்பாது. அதனால் முந்தின நாள் மாலை ஒருமுறை திறந்து பார்க்காத தளத்தை நம்பி வகுப்புக்குப் போகக் கூடாது. ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருவில் அடித்த தமிழ்ப் பக்கங்கள் இன்னும் இருக்கின்றன. நகல் எடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக உதிரும். தமிழக அரசு 2010-இலேயே ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. பள்ளி வினாத்தாள்கள் பல இன்றும் அந்தப் பக்கம் வரவில்லை. மின்வெட்டும் இணையத் துண்டிப்பும் வாடிக்கையான ஊர்களில் கிவிக்ஸ் என்ற செயலி தமிழ் விக்கிப்பீடியாவை முழுதாகக் கணினிக்குள் இறக்கிவைத்துக்கொள்ள வழி செய்கிறது.

பிள்ளைகளின் பெயரும் கைப்பேசி எண்ணும் கேட்கும் தளங்களிடம் இன்னும் கடுமையாக இருக்க வேண்டும். ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2022-இல் வெளியிட்ட அறிக்கை, 49 நாடுகளில் கொரோனாக் காலத்தில் அரசுகள் பரிந்துரைத்த கற்றல் தளங்களை ஆராய்ந்தது. மிகப் பெரும்பாலானவை பிள்ளைகளின் தரவைக் கையாண்ட விதம் அவர்களின் உரிமைக்குப் பாதகமானது என்றது. நம் நாட்டு அரசுத் தளமான தீக்ஷாவும் அந்தப் பட்டியலில் இருந்தது. இருப்பிடத் தகவலைச் சேகரிக்கும் வசதி அதில் இருந்ததை அறிக்கை சுட்டிக்காட்டியது. அரசுத் தளம் என்பதாலேயே கண்ணை மூடிக்கொள்ள முடியாது என்பதற்கு இது சான்று. 2023-இன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்கு உட்பட்டவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். உள்நுழையாமல் பார்க்க முடிகிற தளம் கிடைக்கும்போது, உள்நுழையச் சொல்லும் தளத்தை விட்டுவிடலாம்.

இவ்வளவையும் ஒவ்வொரு ஆசிரியரும் தனியே செய்ய நேரம் ஏது என்ற கேள்வி நியாயமானது. தனியே செய்யவும் வேண்டியதில்லை. ஆசிரியர்கள் ஏற்கெனவே கூடும் இடம் ஒன்று இருக்கிறது: குறுவள மையக் கூட்டம். அங்கே ஒரு நீளக் குறிப்பேடு போதும். தளத்தின் பெயர், எந்த வகுப்பு, எந்தப் பாடம், புத்தகத்தின் எந்தப் பக்கம், யார் திறந்து பார்த்தார், எந்தத் தேதியில், உள்நுழைவு கேட்டதா, விளம்பரம் வந்ததா, பள்ளி இணையத்தில் திறக்க எவ்வளவு நேரம் ஆனது, ஊரைப் பற்றிய சோதனையில் தேறியதா. ஒருவர் மாதத்துக்கு இரண்டு வரி எழுதினாலும் பத்துப் பள்ளிகள் சேர்ந்தால் ஓராண்டில் இருநூறுக்கும் மேற்பட்ட வரிகள் சேரும். கடைசிப் பத்தி ஒன்றும் வேண்டும்: பிள்ளைகள் என்ன கேட்டார்கள்?

காற்றுத் தர எண்களுக்கான வரியில் அந்தக் கடைசிப் பத்தி காலியாக இருக்காது. கும்மிடிப்பூண்டி வகுப்பில் இரண்டு எண்களும் கரும்பலகையில் ஏறியதும், எங்கிருந்தாவது ஒரு கை உயரும். “இந்த மெஷின் நம்ம ஊர்லயா சார் இருக்கு? போய்ப் பார்க்கலாமா?”